பத்தாயிரமாவது பகா எண்

காலை பத்து நாற்பதுக்கு ஹேமலதாவின் போனில் வாசல் கருவியின் தகவல் வந்து விழுந்தது. இன்று வருபவர்: ஆதிரன். நேரம்: பன்னிரண்டரை. கீழே அவனுடைய எண். இருபத்து நான்கு இலக்கம், நான்கு நான்காகப் பிரித்து.

'அனுமதி' என்ற இடத்தைத் தொட்டால் தகவல் தானே அழிந்துவிடும். அவள் தொடவில்லை. போனை உப்பு ஜாடியில் சாய்த்து நிறுத்தினாள். அடுப்பை அணைத்தாள். ஜன்னல் விளிம்பில் எறும்புக்குப் போடும் சாக்பீஸ் கிடந்தது. அதை எடுத்து அடுப்பு மேடையின் கறுப்புக் கல்லில் எழுத ஆரம்பித்தாள்.

போனிலேயே வகுத்திருக்கலாம். ஆனால் போன் எதையும் மறக்காது. காகிதம் என்றால் கிழித்துப் போட வேண்டும். கல்லைத் துடைத்தால் போதும். இதையெல்லாம் அவள் யோசித்து முடிவு செய்யவில்லை. கைக்கு முன்பே தெரிந்திருந்தது. திருட்டு வேலைக்குக் கை இவ்வளவு பழகியிருந்ததா என்று பிறகு நினைத்துக்கொண்டாள்.

ஒரு லட்சத்து நாலாயிரத்து எழுநூற்று இருபத்தொன்பதால் வகுக்க வேண்டும். நீள வகுத்தல். இலக்கங்களை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். ஒவ்வொன்றை இறக்கும்போதும் நிறுத்தியிருக்கலாம். கீழே கீரைக்காரியின் வண்டி வந்து நின்றது. மணி அடித்தது. போய்விட்டது. அவள் இறக்கிக்கொண்டே இருந்தாள். கணக்கு கல்லில் படிப்படியாகச் சாய்ந்து போய் அடுப்பின் ஓரத்தில் முடிந்தது.

மீதி அறுபத்தோராயிரத்து நானூற்றுப் பதினெட்டு. இரட்டைப்படை.

"அப்பாடா" என்றாள்.

வாய்விட்டே சொல்லியிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. வெண்பா அவனை அழைத்துவர ரயில் நிலையம் போயிருந்தாள். இருந்தாலும் சொன்னது அவள் காதில் விழுந்தது.

ஈரத்துணியால் கல்லைத் துடைத்தாள். கறுப்பு பளிச்சென்று வந்தது. 'அனுமதி'யைத் தொட்டாள். பிறகு மேல் அலமாரியைத் திறந்து வெல்லத்தை எடுத்தாள். காலையில் வெண்பா, "பாயசம் வைக்கலாமாம்மா?" என்று கேட்டிருந்தாள். "எதுக்கு? முதமுதல்ல சாப்பிட வர்றாரு. சாதாரணமா இருக்கட்டும்" என்று இவள் தட்டிக்கழித்திருந்தாள். இப்போது பாசிப்பருப்பு வாணலியில் சிவந்துகொண்டிருந்தது. நெய்யைக் கை தாராளமாக விட்டது.

அந்த எண் முறையைப் பெற்றெடுத்தவள் ஹேமலதாதான். அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள்.

வெண்பா வயிற்றில் இருந்த வருடம் அது. இனி எந்த விண்ணப்பத்திலும் அப்பா பெயர் கிடையாது, இனிஷியல் கிடையாது, சொந்த ஊர் கிடையாது என்று சட்டம் வந்தது. ஆளுக்கு ஒரு எண். பள்ளிக்கூடம், வேலை, வாடகை வீடு, கல்யாணப் பதிவு, எல்லாவற்றுக்கும் எண் ஒன்றே. இடஒதுக்கீட்டு விவரம் மனிதர் கண் படாத ஒரு கணினிக்குள் பூட்டப்பட்டது. எண்ணைக் கொடுத்தால் உண்டு, இல்லை என்று மட்டும் அது சொல்லும். எண்ணைப் பார்த்து ஆளின் பிறப்பை யாரும் ஊகிக்கக் கூடாது. அதுதான் எண் ஆணையத்துக்கு வந்த ஒரே கட்டளை. ஆணையத்தின் கணிதப் பிரிவுக்கு ஹேமலதா தலைவி. முப்பத்திரண்டு வயது. சாதியை வகுத்தல் கணக்கில் ஒழிக்கப்போகிறோம் என்ற கர்வம் அவளுக்கு இருந்தது.

சிக்கல் ஒன்றே ஒன்று. கிராமங்களில் இணைய இணைப்பு அடிக்கடி போகும். மாநிலம் முழுக்க ஒரே சமயத்தில் முகாம்கள் எண் கொடுக்கும்போது இரண்டு பேருக்கு ஒரே எண் போய்விடக் கூடாது. செயலாளர் மேசையில் உட்கார்ந்து அவள் விளக்கினாள்.

"சார், நீங்க ஒரு முகாம், நான் ஒரு முகாம். நீங்க ஒற்றைப்படை எண்ணா கொடுங்க. நான் இரட்டைப்படையா கொடுக்கறேன். நாம ரெண்டு பேரும் பேசிக்கவே வேண்டாம். எந்நாளும் மோதாது."

"ரெண்டு முகாம்னா சரி. அம்பதாயிரம் முகாம் இருக்கேம்மா?"

"பின்னாடி ரெண்டு மடங்கானாலும் தாங்கற மாதிரி, லட்சத்துக்கு மேல இருக்கற ஒரு எண்ணால வகுக்கலாம். ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு மீதி. அந்த மீதி வர்ற எண்களை மட்டும் அந்த முகாம் கொடுக்கும்."

"எந்த எண்ணால?"

"பத்தாயிரமாவது பகா எண் சார். கைக்கு வாகா அமைஞ்சிருக்கு."

செயலாளர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எண்ணின் முதல் இலக்கமோ கடைசி இலக்கமோ எதையும் காட்டாது. கூட்டினாலும் காட்டாது. வகுத்தால் மட்டும் எந்த முகாம் என்று தெரியும். வகுக்கும் எண் தெரிந்தவர்கள் ஆணையத்தில் சிலர்தான். முகாம் தெரிந்தால்தான் என்ன? ஊர் பெயர் தெரியும், அவ்வளவுதானே என்று அவள் இருந்தாள்.

ஊருக்கு ஒரு முகாம் என்றுதான் உத்தரவு போனது. கீழேயிருந்து திரும்பி வந்த முகாம் விவரத்தில் ஊருக்கு இரண்டு இருந்தது. ஒன்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில். இன்னொன்று காலனியின் சமுதாயக் கூடத்தில். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. வாக்குச்சாவடிக்கும் ரேஷனுக்கும் எப்படிப் பிரிப்பார்களோ அப்படிப் பிரித்திருந்தார்கள். காரணம் என்ற இடத்தில் எல்லா வட்டாரமும் ஒரே சொல்லை எழுதியிருந்தது: கூட்ட நெரிசல்.

தேவசகாயம்தான் அதைக் கொண்டுவந்து அவள் முன் நின்றார். அவளுக்குக் கீழே வேலை பார்த்தவர், வயதில் மூத்தவர்.

"முந்நூறு பேர் இருக்கற ஊர்ல என்ன மேடம் நெரிசல்?"

"வேற வழியில்ல சார். ஒரே முகாம்னா ஒரு பக்கம் வர மாட்டேங்குதாம். கலெக்டருங்க கையை விரிக்கறாங்க."

"வரிசை ரெண்டா இருந்தா அன்னிக்கு சாயங்காலம் கலைஞ்சிடும் மேடம். இது எண்ணுக்குள்ள போய் உக்காந்துக்கும். செவுரா இருந்தா இடிக்கலாம். இதை என்ன செய்வீங்க?"

"இருபத்து நாலு இலக்கத்தை ஆறு இலக்கத்தால எவன் சார் உக்காந்து வகுப்பான்?"

"கல்யாணத் தரகர் வகுப்பான் மேடம்."

அவள் சிரித்தாள். தேவசகாயம் சிரிக்கவில்லை. பதிவு தொடங்க அதிக நாள் இல்லை. அவள் கையெழுத்துப் போட்டாள். பள்ளிக்கூட முகாம்களுக்கு இரட்டைப்படை மீதி, சமுதாயக் கூட முகாம்களுக்கு அதற்கடுத்த ஒற்றைப்படை. அடுக்கி வைக்க அதுதான் வசதியாக இருந்தது.

சொன்னதுபோலவே ஆயிற்று. ஒரே முகாமில் எண் வாங்கிய நாலு பேரின் எண்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் வருவதெல்லாம் ஒரே எண்ணால் மீதியில்லாமல் வகுபடும். அதை யாரோ எங்கோ கவனித்துவிட்டார்கள். பிறகு ஒற்றையா இரட்டையா என்று பார்க்க ஒரு குழந்தை போதும். வீட்டுத் தரகர்கள் பார்த்தார்கள். பெண் வீட்டார் பார்த்தார்கள். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பார்த்தார்கள். யாரும் சாதி கேட்கவில்லை. எண்ணைத்தான் கேட்டார்கள். எண்ணைக் கேட்பது சட்டப்படி சரி.

போன வருடம் தொலைக்காட்சியில் ஹேமலதாவிடம் நேராகவே கேட்டார்கள். மீதி என்பது வெறும் மீதி, அதற்கு எந்தப் பொருளும் இல்லை என்று சொன்னாள். ஒப்புக்கொண்டால் தெரியாதவனுக்கும் வகுக்கத் தெரிந்துவிடும்; மறுத்தால் கொஞ்சம் பேராவது நம்பி விட்டுவிடுவார்கள் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். அது முழுப்பொய்யும் இல்லை. அன்றிரவு வெண்பா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பேட்டியைத் துண்டு துண்டாக வெட்டித் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினாள். மேலே 'எங்கம்மா' என்று மட்டும் எழுதியிருந்தாள்.

அப்பா போன பிறகு வெண்பாவுக்கு எல்லாமே அம்மாதான். ஆதிரனைப் பற்றிச் சொன்னபோதுகூடப் பெயர், வேலை, சிரிப்பு, இவ்வளவுதான் சொன்னாள். பாலங்களுக்குள் விரிசல் விழுவதைச் சத்தத்தில் கண்டுபிடிக்கும் கருவிகள் செய்கிறான். தெற்கே கரிசல்புதூர். மற்றதை இந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவள் இருந்தாள்.

ஹேமலதாவும் கேட்கவில்லை.

வெல்லம் கரைந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"மேடம், தேவசகாயம் பேசறேன்."

"சொல்லுங்க சார். உடம்பு எப்படி இருக்கு?"

"உடம்பு அதுபாட்டுக்கு இருக்கு. திங்கக்கிழமை இந்த எண் புகாரை விசாரிக்கற கமிஷன் உக்காருது. என்னையும் கூப்பிட்டிருக்காங்க. நான் சொன்னா, ரிட்டயர் ஆன ஆளு, ஏதோ மனத்தாங்கல்னு எழுதிடுவாங்க. நீங்க வந்து சொன்னா எழுத முடியாது."

"டிவில ஒண்ணு சொல்லிட்டு அங்க வந்து ஒண்ணு சொல்லச் சொல்றீங்களா?"

"ஆமா. அதான் கேக்கறேன்."

அவள் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

"ஒத்துக்கிட்டா என்ன ஆகும் சார்? இன்னிக்கு நம்பறவன் பாதி, நம்பாதவன் பாதி. திங்கக்கிழமை சாயங்காலம் ஊரே வகுக்கும்."

"வகுக்கட்டும். செவ்வாய்க்கிழமை புது எண்ணுக்கு ஆர்டர் போடச் சொல்லுவோம். இப்ப இணைப்பு இல்லாத ஊரே இல்ல. முகாமே வேண்டாமே."

"சுலபமா சொல்றீங்க."

"எனக்கா சுலபம்? போன வாரம் என் தங்கச்சி பேரனுக்குப் பொண்ணு பாக்கப் போனோம். நல்லாத்தான் பேசினாங்க. காப்பி ஆறறதுக்குள்ள ஒருத்தன் உள்ரூமுக்குப் போயிட்டு வந்தான். பலகாரத் தட்டைக் கொண்டுவந்த அம்மா நடுவாசல்லயே நின்னுட்டாங்க. தட்டு திரும்ப உள்ள போயிடுச்சு மேடம். சுத்தியிருக்கற அத்தனை பேரும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். அந்தப் பையன், 'தண்ணி குடுங்க'ன்னு கேக்கறான். தண்ணிக்காக இல்ல. கையை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியாம."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

"உங்களை ஏன் கூப்பிடறேன் தெரியுமா? வகுக்கற எண்ணு ஆரம்பத்துலேர்ந்து உங்களுக்கு மனப்பாடம். இத்தனை வருஷத்துல எத்தனை பேரு எண்ணு உங்க கண்ணுல பட்டிருக்கும். ஒண்ணைக்கூட நீங்க வகுத்துப் பாத்திருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும். மத்தவங்களைப் பத்தி நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

பாயசம் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் தணலைக் குறைத்தாள்.

"யோசிச்சு சொல்றேன் சார். வீட்டுக்கு ஆள் வர்றாங்க."

"வரட்டும், வரட்டும். நல்லா கவனிங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

வழிந்ததைத் துடைத்தாள். துடைத்த துணியையே வெகுநேரம் அலசிக்கொண்டிருந்தாள். தெரிந்துகொள்ளத்தானே பார்த்தோம். ஒற்றைப்படையாக வந்திருந்தால் மட்டும் என்ன செய்திருக்கப் போகிறோம்? ஒன்றும் செய்திருக்க மாட்டோம். கல்யாணத்தை நடத்தித்தான் வைத்திருப்போம். இப்படி அவள் தனக்குள் அடுக்கினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்த 'அப்பாடா' மட்டும் எதிலும் அடங்காமல் நின்றது.

பன்னிரண்டரைக்குச் சொல்லிவைத்தாற்போல் வந்தார்கள். ஆதிரன் உயரமாக, கொஞ்சம் கூன் போட்டு நின்றான். கையில் சாத்தூர் சேவுப் பொட்டலம்.

"வாங்க தம்பி. ரயில் கூட்டமா?"

"நின்னுக்கிட்டேதான் வந்தேன் ஆன்ட்டி. உக்காந்து வந்தா சட்டை கசங்கிடும்னு இவ ஆர்டர்."

"நான் எங்கடா சொன்னேன்?"

"போன்ல சொன்னியே. எங்கம்மா சட்டையைத்தான் முதல்ல பாப்பாங்கன்னு."

ஹேமலதா சிரித்தாள். அவனை அவளுக்குப் பிடித்தது. பிடித்தது மீதிக்கு முன்பா பின்பா என்று இனிமேல் அவளால் சொல்ல முடியாது. அந்த நினைப்பே கசந்தது.

சமையலறையும் கூடமும் அந்த வீட்டில் ஒன்றுதான். நடுவில் சாப்பாட்டு மேசை. வெண்பா மூக்கை உறிஞ்சினாள்.

"பாயசமா? வேண்டாம்னு சொன்ன?"

"தோணிச்சு. வெச்சேன்."

"நகக்கண்ணுல என்ன வெள்ளை?"

ஹேமலதா முந்தானையில் விரல்களைத் துடைத்தாள். "எறும்பு."

"உனக்கு அதிர்ஷ்டம்டா" என்றாள் வெண்பா ஆதிரனிடம். "எங்கண்ணன் முதமுதல்ல அண்ணியைக் கூட்டிட்டு வந்தப்போ இந்த வீட்டுல உப்புமா."

"அது மழைக்காலம்" என்றாள் ஹேமலதா.

"மழைக்கும் உப்புமாவுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

சாப்பிட உட்கார்ந்தார்கள். ஆதிரன் நன்றாகச் சாப்பிட்டான். கூச்சப்பட்டு மறுக்கவில்லை. இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

"அம்மா, இவனுக்கு ஒரு பெருமை இருக்கு. கேளு. சொல்லுடா."

"அது ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. என் எண்ணோட இலக்கமெல்லாம் கூட்டினா நூத்தியெட்டு வருது. மலைக்கோட்டை வாசல்ல எண் பலன் சொல்றவரு எழுந்து நின்னு கும்பிட்டாரு. அமோகமா இருப்பேனாம்."

"இருபத்து நாலு இலக்கத்துக்கு நூத்தியெட்டுதான் சராசரி" என்றாள் ஹேமலதா. "எல்லாருக்கும் அதைச் சுத்தித்தான் வரும்."

இருவரும் வெடித்துச் சிரித்தார்கள்.

"சொன்னேன்ல? தப்புக் கணக்கைக் கேட்டா அம்மாவால ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியாது. கீரைக்காரம்மாகிட்டயே திருத்துவாங்க. நமக்கு அவங்க பத்து ரூபா கூடக் கொடுத்தாலும் திருத்துவாங்க."

"அப்போ உன் எண்ணு பகா எண்ணுன்னு பீத்திக்கிட்டியே?"

"அது அம்பத்தஞ்சு பேருல ஒருத்தருக்கு அமையும்" என்றாள் ஹேமலதா.

"போச்சா?" என்றான் ஆதிரன். "யாராலும் வகுக்க முடியாதவ, வகுக்க முடியாதவன்னு எத்தனை நாள் என்னை மிரட்டியிருப்பா."

ஹேமலதாவும் சிரித்தாள். வகுப்பது என்ற சொல் வந்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்துபோய்ப் பாயசத்தைக் கிண்ணங்களில் ஊற்றினாள். முந்திரியை அவன் கிண்ணத்தில் கொஞ்சம் அதிகமாகப் போட்டாள்.

ஆதிரன் ஒரு வாய் குடித்துவிட்டு, "அருமை ஆன்ட்டி" என்றான். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? நீங்க செஞ்ச எண்ணு, அதான் கேக்கறேன். தப்பா நினைக்கக் கூடாது."

"ஆரம்பிச்சுட்டான்" என்றாள் வெண்பா.

"எங்கக்கா கோயம்புத்தூர்ல நர்ஸா இருக்கு. வீடு தேடித் தேடி அலுத்துப் போச்சு. போன்ல பேசறப்ப வாங்கங்கறாங்க. எண்ணைக் கொடுத்தா மறுநாள், சொந்தக்காரங்க வர்றாங்க, வெள்ளையடிக்கறோம், ஏதோ ஒண்ணு. கடைசியில நான் போனேன். என் எண்ணைக் கொடுத்தேன். அன்னிக்கே சாவி கொடுத்துட்டாரு. அதே வீடு. அக்காவைத் திருப்பி அனுப்பின அதே ஆளு."

"அந்தாளு பொம்பளைங்களுக்குக் கொடுக்க மாட்டானா இருக்கும்" என்றாள் வெண்பா.

"அக்கா ஒத்துக்க மாட்டேங்குது. எல்லாம் மீதிதான், வகுத்துப் பாக்கறாங்கன்னு ஒரே அழுகை. நான் ஆன்ட்டியோட பேட்டியைப் போட்டுக் காட்டினேன்."

"நான் அனுப்பினது" என்றாள் வெண்பா, அம்மாவைப் பார்த்து.

"காட்டிட்டுச் சொன்னேன். யோசிச்சுப் பாருக்கா. நீயும் நானும் ஒரே அம்மா வயித்துல, ஒரே காலனியில, ஒரே வீட்டுல பொறந்தவங்க. எண்ணுல அப்படி ஏதாவது இருந்தா உனக்கு இல்லைன்னு சொன்னவன் எனக்கும் இல்லைன்னுதானே சொல்லணும்? எனக்கு ஏன் கொடுத்தான்? அப்ப எண்ணுல ஒண்ணும் இல்லைன்னுதானே ஆகுது? சரிதானே ஆன்ட்டி?"

"காலனியா?" என்றாள் ஹேமலதா. "இருக்காதே."

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

"எது இருக்காது?" என்றான் ஆதிரன்.

"இல்ல..." அவள் தண்ணீர்ச் செம்பை எடுத்தாள். இந்தக் கணத்தில் வாயை மூடியிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். ஆனால் கணக்கு உதைத்தது. உதைக்கும் கணக்கை அவள் என்றைக்கும் அப்படியே விட்டதில்லை. "பள்ளிக்கூடத்து முகாம்ல காலனி ஆளுங்க பதிஞ்சதா ஒரு ஊர்லகூட..."

நிறுத்தினாள்.

ஆதிரன் முகத்தில் இன்னும் சிரிப்பின் மிச்சம் இருந்தது. "கரெக்டுதான் ஆன்ட்டி. எங்க சமுதாயக் கூடத்து முகாம் முடிஞ்ச மறுநாள் நான் பொறந்தேன். மெஷினை ஏத்திட்டுப் போயிட்டாங்க. பள்ளிக்கூடத்துல மட்டும் இன்னும் ஒரு நாள் இருந்துச்சு. அப்பா துண்டுல சுத்தித் தூக்கிட்டுப் போயிருக்காரு. சைக்கிள் நிறுத்தற எடத்துல உக்காரச் சொன்னாங்களாம். ஊர்க்காரங்க எல்லாம் வாங்கிட்டுப் போற வரைக்கும். பால் இல்லாம நான் கத்தின கத்துல டீச்சருக்கே தலைவலி வந்துடுச்சாம். சாயங்காலம் மெஷினை மூடறப்ப, 'சரி, கொண்டா'ன்னாங்களாம். ஊர்லயே கடைசி எண்ணு என்னுதுன்னு அப்பா பெருமையாச் சொல்வாரு."

அவனாகச் சிரித்தான். கிண்ணத்தைக் கையில் எடுத்தான். எடுத்த கை அப்படியே நின்றது.

"நான் பள்ளிக்கூடம்னு சொல்லலையே ஆன்ட்டி."

ஹேமலதா மேசைவிரிப்பின் ஓரத்தை மடித்தாள். மடித்ததைப் பிரித்தாள். ஒரு பொய் வேண்டும். முகாம்களைப் பற்றி ஏதோ பொதுவாகச் சொன்னேன் என்று சொல்லலாம். வேறு யாரையோ நினைத்துக்கொண்டேன் என்று சொல்லலாம். தொலைக்காட்சியில் அவ்வளவு பேருக்கு முன்னால் தடங்கலில்லாமல் வந்தது இங்கே மூன்று பேர் மேசையில் வரவில்லை. தலையைத் தூக்கினால் அவன் கண்ணைப் பார்க்க வேண்டியிருக்கும். தூக்கவில்லை.

ஆதிரன் கிண்ணத்தைச் சத்தம் வராமல் மேசையில் வைத்தான். முந்திரி அப்படியே மிதந்தது.

"அப்ப அக்கா சொன்னது சரிதான்" என்றான். யாரிடமும் சொல்லவில்லை. கோபமும் இல்லை. பாலத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு எங்கே விரிசல் என்று சொல்கிறவனின் குரல். பிறகு இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தான். அங்கிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"தண்ணி குடுங்க ஆன்ட்டி" என்றான்.

ஹேமலதா ஊற்றினாள். தம்ளர் நிறைந்து வழிந்தது.

வெண்பா அம்மாவையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. அடுப்பு மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் துடைத்த ஈரம் எப்போதோ காய்ந்திருந்தது. கறுப்புக் கல்லில் வெள்ளை பூத்திருந்தது. எண் ஒன்றும் தெரியவில்லை. படி இறங்குவதுபோல் சாய்ந்து, அடுப்போரம் வரைக்கும் போய் முடியும் ஒரு தடம் மட்டும் இருந்தது. நீள வகுத்தலை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அம்மாதான். அவள் கண் அந்தப் படிகளில் கடைசிவரை இறங்கிப் போயிற்று. அங்கிருந்து பாயசப் பாத்திரத்துக்கு வந்தது.

"அம்மா."

ஹேமலதா வழிந்த தண்ணீரை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"காலையில பாயசம் வேண்டாம்னுதானே சொன்ன? வைக்கணும்னு எப்பம்மா தோணிச்சு?"